பட்டியலில் முதல் இடம்

முப்பது வருடத்தில் ஒரு காலர்கூட அரை இஞ்ச் தவறியதில்லை என்று பெயர் வாங்கிய கட்டிங் மாஸ்டர், ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, வங்கி மேலாளர் ஒருவரின் சாம்பல் நிறத் துணியில் கோட்டுக்கு மூன்று கைகள் வெட்டி அடுக்கிவிட்டு, நாலாவது கைக்குத் துணி போதாது என்று முதலாளியிடம் சண்டைக்குப் போனார்.

முதலாளி கல்லாவில் உட்கார்ந்து மனிதர்களை எடை போட்டே வளர்ந்தவர். சண்டை போடாமல் எழுந்து வந்து மாஸ்டரின் வாயில் இரண்டு மிட்டாயைத் திணித்தார். பத்து நிமிடத்தில் மாஸ்டர் மனிதராகி, மேஜைமேல் கிடந்த மூன்று கைகளையும் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“துணி போனா வாங்கிக்கலாம் மாஸ்டர். உங்க விரல் போனா நான் எந்தக் கடையில வாங்குவேன்?” என்றார் முதலாளி. கத்தரிக்கோலை எடுத்துத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மறுநாளிலிருந்து மாஸ்டருக்குப் பித்தான் தைக்கும் வேலை. கப்பல் ஓட்டியவரைத் துறைமுக வாசலில் டிக்கெட் கிழிக்க உட்கார வைத்த மாதிரி.

மாஸ்டருக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே சர்க்கரை நோய், இன்சுலின் ஊசிதான். கணையத்தில் தீவுச் செல்கள் என்று சில உண்டு. இன்சுலின் சுரப்பதும், சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண் கொத்திப் பாம்பாகக் கவனிப்பதும் அவற்றின் வேலை. மாஸ்டரின் தீவுகள் பள்ளிக்கூட நாளிலேயே மூழ்கிவிட்டன. ஊசியால் காலம் தள்ளிவிடலாம்; ஆனால் ஊசிக்குக் கண் கிடையாது. சில சமயம் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். மற்றவர்களுக்கு அப்போது கை நடுங்கும், வியர்க்கும். உடம்பு கதவைத் தட்டிச் சொல்லும். மாஸ்டரின் உடம்பு நாற்பது வருடம் தட்டித் தட்டிச் சலித்துப்போய், தட்டுவதையே விட்டுவிட்டது.

ஆகவே தட்டுகிற வேலையை அவர் மனைவி எடுத்துக்கொண்டாள். மணிக்கு ஒரு தரம் அவரைப் பார்த்துக் கேட்பாள்: “ஒரு கோட்டுக்கு எத்தனை கை?” இரண்டு என்றால் சரி. மூன்று என்றாலோ, கோபப்பட்டாலோ, சர்க்கரைத் தண்ணீர். இதற்காக அவள் பார்த்துக்கொண்டிருந்த நூலக வேலையை விட்டுவிட்டு, தையல் கடையின் மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். தனியாக ஒரு தெருமுனை வரை போய்வந்து எத்தனையோ காலமாயிற்று.

இந்த நிலைமையில்தான் மைத்துனன் வந்து கதவைத் திறந்தான்.

மைத்துனன் என்றால் மாஸ்டர் மனைவியின் தம்பி. தாயில்லாத வீட்டில் அக்கா ஊட்டி வளர்த்த பிள்ளை. அவன் முதல் வேலைக்கு நேர்காணல் போனபோது மாஸ்டர் கருநீலத்தில் ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர்களுக்குத் தையல் மடிப்பில் ஒரு விரல் துணி விடுவார். மனசுக்குப் பிடித்தவர்களுக்கு இரண்டு விரல் விடுவார், நாளைக்கு வளர்ந்தால் பிரித்துவிட வேண்டுமே என்று. மைத்துனனுக்கு இரண்டரை விரல் விட்டிருந்தார்.

அவனுக்கு வேலை கிடைத்த இடத்தின் பெயர், கணையத் தீவுச் செல் மாற்றுச் சிகிச்சை மேம்பாட்டு நிறுவனம். பெயர்ப் பலகை மூன்றாம் மாடியில் இரண்டு ஜன்னல்களை முழுக்க மறைத்திருந்தது. சிகிச்சைப் பிரிவு அந்த ஜன்னல்களுக்குப் பின்னால்தான் இருந்தது. மிச்ச ஜன்னல்கள் எல்லாம் மேம்பாட்டுப் பிரிவுக்கு.

“மாமா, இறந்தவங்க தானம் பண்ணின கணையத்துலேருந்து இந்தச் செல்லை மட்டும் பிரிச்செடுத்து, ஒரு சின்னக் குழாய் வழியா கல்லீரலுக்குள்ள விட்டுடுவாங்க. அது அங்கயே குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிடும். சர்க்கரை இப்படித் திடீர்னு கவுக்காது. மாத்திரை சாப்பிடணும், அவ்வளவுதான்.”

“எனக்குக் கிடைக்குமா மாப்ளே?”

“பட்டியல் யார் கையில இருக்கு? என் கையில. உங்களத்தான் ஒண்ணாம் நம்பர்ல போட்டிருக்கேன்.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வளர்த்த கடன் தீர்ந்தது என்றாள். மாஸ்டருக்கு ஒரே ஆசைதான்: அந்த இழுப்பறை திறந்து கத்தரிக்கோல் கைக்கு வரவேண்டும். பட்டியலில் சேர்ந்த அன்றைக்கு முப்பத்தைந்து பக்கப் படிவம் வந்தது. மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலால் தாள்களைத் தள்ளித் தள்ளி, “இங்க மாமா, இங்க, இங்க” என்று விரல் வைத்துக் காட்டினான். வைத்த இடத்திலெல்லாம் மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். பத்து பைசா பித்தான் வாங்கினாலும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்குகிற மனிதர் அவர். வீட்டுப் பிள்ளை நீட்டுவதை யார் திருப்பிப் பார்ப்பார்கள்? கொசுறாக நிறுவனம் ஒரு பேனாவும், தோளில் ஒட்டிக்கொள்ள ஒரு கருவியும் கொடுத்தது. கருவி அவர் சர்க்கரையை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிறுவனத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு எண்ணைக் காட்டும், ஆனால் எச்சரிக்காது; ஆகவே மனைவியின் கேள்வியும் ஓயவில்லை.

இயக்குநர் வரவேற்புரை நிகழ்த்தினார். மெல்லிய குரல், எதிரில் இருப்பவரின் தலைக்கு ஒரு ஜாண் மேலே பார்த்துப் பேசுகிறவர்.

“குணப்படுத்துறதுங்கிறது எந்தச் சாதாரண ஆஸ்பத்திரிக்கும் வரும். நாங்க அதுல நேரத்தை வீணாக்குறதில்ல. எங்க வேலை மேம்படுத்துறது. நல்லா யோசிச்சுப் பாருங்க, எல்லாரையும் குணப்படுத்திட்டா அப்புறம் மேம்படுத்த என்ன மிச்சம் இருக்கும்?”

எல்லோரும் கைதட்டினார்கள். மாஸ்டரும் தட்டினார், முதல் இடத்தில் இருப்பவர் தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று.

ஏழாம் மாதம் அழைப்பு வந்தது. கணையம் வந்துவிட்டது. மாஸ்டர் பட்டினி கிடந்து, பச்சை அங்கி மாட்டி, கட்டிலில் ஏறிப் படுத்தார். அங்கியின் தோள்பட்டை தையல் கோணலாக இருந்ததைக்கூட அன்றைக்கு அவர் மன்னித்துவிட்டார். மூன்று மணி நேரம் கழித்து இயக்குநர் உள்ளே வந்தார்.

“ஒரு மகிழ்ச்சியான செய்தி. உங்களுக்குப் பண்றதா இருந்த மூணாவது செய்முறை இன்னிக்கு காலைல பழசாயிடுச்சு. நாலாவது முறைக்கு ஒப்புதல் வந்திருக்கு.”

“அப்ப நாலாவது முறையில பண்ணிடுங்க ஐயா.”

“அதுக்கான படிவம் இன்னும் அச்சாகல.”

“மூணாவதே போதும் ஐயா. நான் பழைய ஆளு.”

இயக்குநர் முகம் வாடிவிட்டது. “தெரிஞ்சே உங்களுக்குப் பழைய முறையில பண்ணினா, அது நாங்க உங்களுக்குப் பண்ற துரோகம்.”

மாஸ்டர் கட்டிலைவிட்டு இறங்கி, ஒரு துரோகத்திலிருந்து தப்பித்த மனிதராக வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வருடம் மறுபடியும் அழைப்பு. இந்தத் தடவை படிவம் எல்லாம் கச்சிதம். செல்களையும் பிரித்தெடுத்துவிட்டார்கள். உள்ளே விடுவதற்கு முன்னால் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது விதி. மேம்பாட்டின் ஒரு பகுதியாக, முன்பு ஒருவர் எண்ணிய இடத்தில் இப்போது மூன்று பேர் எண்ணினார்கள். மூன்று பேருக்கும் மூன்று எண்ணிக்கை வந்தது. உடனே எண்ணிக்கை இணக்கக் குழு கூடியது. தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது, முந்தைய கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டது. குழு எப்போது திரும்ப எண்ணச் சொன்னாலும் மூன்று எண்ணிக்கையும் கொஞ்சம் குறைந்திருந்தது. ஏனென்றால் அந்தச் செல்களுக்குக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயுள் கிடையாது. மறுநாள் மாலை மூவரின் எண்ணிக்கையும் பிசிறில்லாமல் ஒத்துப்போனது. பூஜ்யம்.

நிறுவன வரலாற்றிலேயே முழு இணக்கம் வந்த முதல் எண்ணிக்கை அது என்று இயக்குநர் பாராட்டுச் சான்றிதழ் வழங்கினார். மைத்துனனுக்கும் ஒன்று கிடைத்தது. கூடவே பதவி உயர்வும். கோட்டு இறுக்கிப் பிடிக்கிறது என்று கொண்டுவந்தான். மாஸ்டர் முதுகுத் தையலைப் பிரித்து அரை விரல் விட்டுக் கொடுத்தார். அதன்பிறகும் அவன் பருக்கப் பருக்க, அரை அரை விரலாக விட்டுக்கொண்டே வந்தார்.

இதற்கிடையில் வாழ்க்கையும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் மாஸ்டர் ஒரு டஜன் சட்டைக்குப் பித்தான்களை முதுகுப் பக்கம் தைத்தார். இன்னொரு நாள் பக்கத்துத் தெருவில் யாரோ வீட்டுப் பூட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகி, திறக்காததற்கு அந்த வீட்டுக்காரரையே திட்டினார். மற்றொரு நாள், எத்தனை கை என்று கேட்டுச் சர்க்கரைத் தண்ணீரை நீட்டிய மனைவியைப் பிடித்துத் தள்ளினார். அவள் புருவம் கதவு விளிம்பில் பட்டுக் கிழிந்தது. ஐந்து தையல். தெளிந்தபிறகு மாஸ்டர் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “விடுங்க. நெருக்கமா நல்லாத்தான் போட்டிருக்காங்க” என்று அவளே அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

நாலாம் வருடம், பரிசோதனைக்குக் காத்திருந்த கூடத்தில் ஒரு பஸ் டிரைவரைச் சந்தித்தார். டிரைவர் சாவகாசமாக உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பயமா இல்லையா?” என்றார் மாஸ்டர்.

“என்னத்துக்குப் பயம்? செல்லு விட்டு எட்டு மாசமாச்சு. ஊசியை மறந்தே போச்சு. போன மாசம் திரும்ப வண்டி குடுத்துட்டாங்க.”

“பட்டியல்ல உங்க நம்பர்?”

“நாலு. உங்களுது?”

“ஒண்ணு.”

பஸ் கிளம்பிப் போன பிறகும் நிறுத்தத்தில் நிற்கிறவரைப் பார்ப்பது போல டிரைவர் அவரைப் பார்த்தார். பிறகு பாதி கேக்கைத் தாளில் மடித்தார்.

மாஸ்டர் நேரே மைத்துனன் அறைக்குப் போனார். அறை பெரிதாகியிருந்தது.

“நாலாம் நம்பருக்கு ஆயிடுச்சாமே மாப்ளே?”

“ரெண்டுலேருந்து பன்னெண்டு வரைக்கும் பதினோரு பேருக்கு ஆயிடுச்சு மாமா” என்றான் அவன், பெருமையாகவே. “அதெல்லாம் சாதாரண கேஸு. சாதாரணமா போட்டு அனுப்பிட்டோம். உங்களுது ஸ்பெஷல். ஒண்ணாம் இடங்கிறது வெறும் இடம் இல்ல மாமா, பொறுப்பு.”

மாஸ்டர் வீட்டுக்கு வந்து இதை அப்படியே மனைவியிடம் சொன்னார். அவள் சர்க்கரைத் தண்ணீர் புட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, “தம்பி சொன்னா காரணம் இருக்கும்” என்றாள். சொன்ன குரலில், கடைக்காரன் கொடுத்த சில்லறையை வாங்கிய கை கொஞ்சம் யோசிக்கிற மாதிரி ஒரு தயக்கம் இருந்தது.

ஐந்தாம் ஆண்டு விழா வந்தது. கூடவே புதிய கட்டடத் திறப்பு விழா. பழைய கட்டடத்தில் மேம்பாட்டுப் பிரிவுக்கு ஜன்னல் போதவில்லையாம். ரிப்பன் வெட்ட, பட்டியலின் முதல் நோயாளியான கட்டிங் மாஸ்டர் அழைக்கப்பட்டார். மைத்துனன் அதிலும் ஒரு நுணுக்கம் செய்திருந்தான். தையல் கடைக்கே போய், முதலாளியிடம் பேசி, பூட்டியிருந்த கத்தரிக்கோலை வாங்கி வந்துவிட்டான். “உங்க சொந்தக் கத்தரியிலேயே வெட்டுறீங்க மாமா. போட்டோவுக்கு உருக்கமா இருக்கும்.”

முதலாளி நாணயமானவர். ஐந்து வருடமும் அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

விழாவுக்கு வந்த எல்லோருக்கும் வழவழப்பான தாளில் அச்சிட்ட விழா மலர் ஒன்று கொடுத்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து மாஸ்டரும் மனைவியும் அதைப் புரட்டினார்கள். நடுப்பக்கத்தில் ஒரு வரைபடம். பச்சைக் கோடுகள் பதினொன்று, அமைதியான ஏரி மாதிரி சமமாகப் போயின. அடியில் ஒரே ஒரு சிவப்புக் கோடு, குடிகாரன் படியிறங்குவது போல விழுந்து எழுந்து விழுந்து போயிற்று.

அளவெடுத்தே வாழ்ந்தவருக்கு வரைபடம் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாஸ்டர் விரலை வைத்துக்கொண்டே போனார். இரண்டாம் வருடம், மழைக்காலம், ஒரு பள்ளம்: முதுகில் பித்தான் தைத்த நாள். அதைத் தாண்டி இன்னொன்று: அடுத்தவர் வீட்டுப் பூட்டு. மூன்றாம் வருடத்தில் ஒரு பள்ளம் தாளின் விளிம்புவரை இறங்கியிருந்தது. அதன் தேதியைப் படித்ததும் மனைவியின் கை தானாகப் புருவத்துக்குப் போனது.

கீழே சிறிய எழுத்தில் எழுதியிருந்தது: சிவப்பு, ஒப்பீட்டு நோயாளி எண் ஒன்று. சிகிச்சை வழங்கப்படாதவர். ஐந்தாண்டுகள் முடிய வழங்கப்படவும் மாட்டாதவர்.

பின்னட்டையில் ‘எங்கள் வெளிப்படைத்தன்மை’ என்ற தலைப்பில் ஒரு மாதிரிச் சம்மதப் படிவத்தை அச்சிட்டிருந்தார்கள். முப்பத்தோராம் பக்கம். அடியில் மாஸ்டரின் கையெழுத்து. அதற்குக் கீழே, ‘மேற்கண்டவை நோயாளிக்கு முழுமையாக விளக்கப்பட்டன’ என்ற வரி. அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை எழுதப் பழக்கியவளே அக்காதான். சிலேட்டில், கை பிடித்து.

கருநீலக் கோட்டு போட்டுக்கொண்டு மைத்துனன் அவர்களை மேடைக்கு அழைக்க வந்தான். அக்கா மலரைத் திருப்பி அவனிடம் காட்டினாள்.

“இது என்னடா?”

அவன் பார்த்தான். கொஞ்சமும் திடுக்கிடவில்லை, அச்சு நன்றாக வந்திருக்கிறதா என்று பார்ப்பவன் போலப் பார்த்தான்.

“அக்கா, ஒருத்தர் அப்படியே இருந்தாத்தானே மத்தவங்க மாறினது தெரியும்? அஞ்சு வருஷம் நிலையா ஒரு ஆள் வேணும். வெளி ஆளைப் போட்டா நடுவுல வேற ஆஸ்பத்திரிக்கு ஓடிடுவான். கேள்வி கேப்பான். மாமா அப்படியா? நம்ம குடும்பம். நான் சொன்னா நம்புவாரு. நம்பிக்கை விட்டுடக் கூடாதுன்னுதானே நடுவுல ரெண்டு தடவை கூப்பிட்டோம்.”

“ஓ. அதனாலதான் என்னை ஒண்ணாம் நம்பர்ல போட்டியா?” என்றார் மாஸ்டர்.

“பின்ன? இயக்குநரே கேட்டாரு, இவ்வளவு நம்பிக்கையான ஆளை எங்கேருந்து புடிச்சேன்னு. இன்னிக்கு என்னை இணை இயக்குநரா அறிவிக்கப்போறாங்க மாமா. உங்களாலதான்.” கோட்டின் பித்தானைப் போட முயன்று, விட்டான். “இதை இன்னும் கொஞ்சம் பிரிச்சு விடணும். அப்புறம் கொண்டாரேன். இப்ப வாங்க, நேரமாச்சு.”

மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். “இந்த அஞ்சு வருஷத்துல நாங்க எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு தெரியணும்னா, இவரைப் பாருங்க. இவர் கிளம்பின இடத்துலயே இருக்கார். இவர் படுற கஷ்டத்துல ஒரு நாளைக்கூட நாங்க வீணாக்கினதில்ல. ஒவ்வொண்ணையும் பதிவு பண்ணியிருக்கோம். இவர் குணமாகியிருந்தா நம்ம சிகிச்சை இவ்வளவு நல்லதுன்னு உலகத்துக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? முதல் நோயாளிக்கு நாங்க என்ன கைம்மாறு பண்ணப்போறோம்?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூட்டமும் எதிர்பார்க்கவில்லை. கத்தரிக்கோலை ஒரு வெல்வெட் தட்டில் வைத்து நீட்டினார்கள்.

மாஸ்டர் எடுத்தார். ஐந்து வருடம் கழித்தும் கட்டைவிரல் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்தது. மனைவி பக்கத்தில் நின்றாள்.

மைத்துனன் நெருங்கி வந்து, புகைப்படக்காரர்களுக்கு மறைக்காமல் கையை நீட்டி, ரிப்பன்மேல் விரல் வைத்துக் காட்டினான். “இங்க மாமா. இங்க.”

அதே விரல். அதே இங்க.

மாஸ்டர் வெட்டினார். அக்குளில் ஆரம்பித்து, தையலை விட்டு இம்மி விலகாமல், தோளைச் சுற்றி ஒரே போக்கில் வந்து முடித்தார். கருநீலக் கை முழுசாகக் கழன்று மைத்துனனின் மணிக்கட்டில் போய் நின்றது. உள்ளே சட்டையில் ஒரு நூல் அறுபடவில்லை. இப்படி ஒரு வெட்டு வெட்ட அந்த ஊர் முழுக்கத் தேடினாலும் இன்னொரு கை கிடையாது. ரிப்பன் அப்படியே இருந்தது. இது நிகழ்ச்சி நிரலில் உள்ளதுதான் என்று நினைத்துப் பின்வரிசை கைதட்டியது.

மனைவி பதறி அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். “என்னங்க, இங்க பாருங்க. ஒரு கோட்டுக்கு எத்தனை கை?”

மாஸ்டர் மைத்துனனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “எல்லாக் கோட்டுக்கும் ரெண்டு. இந்தக் கோட்டுக்கு ஒண்ணு.”

அவள் அவர் தோளிலிருந்த கருவியைப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு. சர்க்கரைத் தண்ணீர் புட்டியைத் திருகி மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆனால் நிறுவனம் கருவியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு அது முன்னேறியிருந்தது. மேடையிலேயே அவசரக் குழு கூடி, நடந்தது ‘நடத்தை வழியாக வெளிப்பட்ட கடுமையான சர்க்கரை வீழ்ச்சி’ என்று பதிவு செய்தது. சிவப்புக் கோடு இதுவரை காணாத ஆழத்துக்கு இறக்கி வரையப்பட்டது. அதனால் பச்சைக்கும் சிவப்புக்கும் இடைவெளி கூடி, சிகிச்சையின் மேம்பாடு ஒரே பிற்பகலில் பன்னிரண்டு சதவீதம் உயர்ந்தது. இயக்குநர் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒற்றைக் கைக் கோட்டோடு நின்ற மைத்துனனை இணை இயக்குநராக அறிவித்தார். ஒப்பீட்டுக் காலத்தை இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கவும் அங்கேயே தீர்மானமாயிற்று.

மாஸ்டர் மறுநாள் ஒரு கடிதம் எழுதினார்: முதல் இடம் வேண்டாம், தயவுசெய்து கடைசி இடம் கொடுங்கள். பட்டியலை மேம்படுத்த இது அருமையான யோசனை என்றும், இதைப் பரிசீலிக்கத் துணைக்குழு அமைக்கப்படும் என்றும், அதுவரை பழைய இடமே தொடரும் என்றும் இணை இயக்குநர் கையெழுத்தோடு பதில் வந்தது. மாஸ்டர் தோள் கருவியைப் பிய்த்து அதே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார். கத்தரிக்கோலை முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி வாங்கி இழுப்பறையில் வைத்து, பூட்டுவதற்கு முன் கொஞ்சம் எண்ணெய் விட்டார். மாஸ்டர் பித்தான் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“எத்தனை கை?”

“ரெண்டு.”

பத்து நாள் கழித்துத் தம்பி கடைக்கு வந்தான். கையில் கோட்டு, தனியாக ஒரு பையில் கழன்ற கை. மாஸ்டர் நிமிரவில்லை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அவன் அக்கா பக்கம் திரும்பினான்.

“அக்கா, நடந்தது நடந்துபோச்சு. பதவி ஏற்பு விழாவுக்கு இது வேணும். மாமாவைவிட்டா இந்தக் கையை யாராலயும் தெரியாம ஒட்ட முடியாதுன்னுட்டாங்க. கொஞ்சம் சொல்லு.”

அக்கா எழுந்து கோட்டை வாங்கினாள். மடிப்பைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். இரண்டரை விரல் துணியும் தீர்ந்து, நூல் மட்டும் நின்றிருந்தது. பதமாக மடித்து, பையிலிருந்த கையையும் மேலே வைத்து, அலமாரியின் உச்சித் தட்டில், யாருக்கும் எட்டாத இடத்தில் வைத்தாள்.

“எப்ப கிடைக்கும்கா?”

அவள் புருவத் தழும்பைத் தடவிக்கொண்டே, சின்ன வயதில் அவனைத் தூங்கவைக்கப் பேசிய அதே குரலில் சொன்னாள்:

“கவலையேபடாத தம்பி. உன் கோட்டத்தான் பட்டியல்ல முதல் இடத்துல போட்டிருக்கோம்.”